கார்க் கண்ணாடியில் ஓர் எழுத்து

குண்டு வெடித்தபோது நான் எங்கள் வங்கியின் நிலவறையில் நின்று, ஒரு மனிதரின் புறங்கையில் மெஷின் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்ற வேண்டிய இடம் என் தேதி முத்திரை. முத்திரையை அவர் பிடித்திருந்தார், குப்பியை நான் பிடித்திருந்தேன். அவர் பக்கத்தில் நின்றால் எனக்குக் கை ஓர் இடத்தில் நிற்காது.

அவர் லாக்கர் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். எந்நேரமும் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் என்பதால் வங்கி முழுக்க அவருக்குச் 'சாவி சார்' என்றுதான் பெயர். நான் மூன்றாம் மாடியில் காசோலைகளுக்குத் தேதி குத்துகிற பிரிவு. எனக்குத் 'தேதி மேடம்'. முத்திரைக்குள் தேதியைச் சுழற்றுகிற சின்னச் சக்கரங்கள் இருக்கும். அவை இறுகிக்கொண்டால் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய்க் குப்பி இருந்த ஒரே இடம், பூட்டுகளோடு நாள் முழுக்க மல்லாடும் சாவி சாரின் மேசை. என் முத்திரை அடிக்கடி இறுகியது. உலகத்தில் வேறெந்த முத்திரையும் அவ்வளவு இறுகியிருக்காது. எங்கள் பிரிவில் ஒருத்தி, "வெந்நீர்ல போட்டு வைங்களேன் மேடம், சரியாயிடும்" என்று யோசனை சொன்னாள். அவளோடு கொஞ்ச நாள் நான் பேசவில்லை.

ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடியது. "வணக்கம் சார்." "வாங்க மேடம், மறுபடியும் இறுகிடுச்சா?" "ஆமா சார்." இதற்கு மேல் பேச்சு வளர்ந்ததே இல்லை. எனக்கு நாற்பதை நெருங்குகிற வயது, அவருக்கு அதைத் தாண்டிய வயது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் வாயும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். அக்கரை மாவட்டங்களைத் தனி நாடாக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் ஆயுதம் தூக்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பாலம், தண்டவாளம், தபால் நிலையம் என்று அவர்கள் வெடி வைக்காத இடம் குறைவு. அதனால் இக்கரையில் யாராவது அக்கரைப் பேச்சில் பேசிக்கொண்டு பஸ்ஸில் ஒரு பையைக் கீழே வைத்தால் போதும், பக்கத்துச் சீட்டு காலியாகிவிடும். என் அம்மா தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். தெருவில் நடக்கிற எல்லா வழக்குக்கும் அந்த மெஷின் முன்னால்தான் தீர்ப்பு. "அக்கரைக்காரனுக்குப் பொண்ணைக் கொடுக்கிறதுக்கு, பொண்ணை வீட்டுலயே வெச்சுக்கலாம்" என்று யாரோ வீட்டுக் கதைக்கு அவள் சொன்ன தீர்ப்பை நான் பக்கத்தில் பொத்தான் தைத்தபடி கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு சாவி சார் என்ற பேச்சையே வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை.

அன்று முற்பகல் வங்கி வாசலில் ஒரு வேனை நிறுத்திவிட்டு, அதில் குண்டு இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தார் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். போலீஸ் பறந்து வந்தது. அபாய மணி அடித்தது. எல்லா மாடிகளிலிருந்தும் ஜனங்கள் இறங்கித் தெருக்கோடிக்கு ஓடிப்போனார்கள். நிலவறையில் மட்டும் மணி அடிக்கவில்லை. காரணமில்லாமல் கத்தித் தொலைக்கிறது என்று அதன் ஒயரைச் சமீபத்தில்தான் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மேலே ஊரே ஓடிக்கொண்டிருக்க, கீழே நான், "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தரை என்னைத் தூக்கிப் போட்டது.

சத்தம் எப்படி இருந்தது என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். எனக்குச் சத்தமே ஞாபகமில்லை. யாரோ பெரிய உள்ளங்கையால் உடம்பு முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளியதுபோல் இருந்தது. விளக்கு போய், அவசர விளக்கு மட்டும் ஒரு மூலையில் மஞ்சளாக எரிந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் எதிரே சாவி சார், தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளையாக, கண்கள் மட்டும் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "என்ன சார்?" என்றேன். என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் நீளமாக ஒரு விசில் மட்டும். அவர் தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். நானும் என் காதைத் தொட்டுக் கையை விரித்தேன். அடுத்த நொடி இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்புவது தெரிந்தது, காதுக்கு வந்து சேரவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உயிரோடு இருக்கிறோம் என்பதைவிட வேடிக்கையான விஷயம் அந்த நேரத்தில் எதுவும் இல்லை.

சிரிப்பு படிக்கட்டு வரைக்கும்தான். அங்கே காவலாளி அண்ணன் கிடந்தார். மேலே எங்கள் இரண்டு பேரையும் காணோம் என்றதும் கூப்பிட ஓடி வந்திருக்கிறார். பாதிப் படியில் இருக்கும்போது வெடித்துவிட்டது. கதவு நிலை பெயர்ந்து அவர் கால்மேல் விழுந்திருந்தது. மேலே விரிசல் விட்ட சுவரிலிருந்து கல் உதிர்ந்துகொண்டே இருந்தது. சாவி சார் என்னைப் பின்வாசல் பக்கம் தள்ளி, போ போ என்று கை காட்டினார். நான் போகவில்லை. உயரத்து லாக்கர்களுக்கு ஏற வைத்திருந்த இரும்பு ஏணியை இழுத்து வந்தேன். அவர் அதை நிலைக்கு அடியில் கொடுத்து நெம்பினார், நான் அண்ணனை அக்குளில் பிடித்து இழுத்தேன். பெட்டிகள் தள்ளுகிற வண்டியில் அவரைப் படுக்க வைத்து, பணவண்டிகள் வருகிற பின்பக்கச் சரிவில் இருவருமாகத் தள்ளிக்கொண்டு ஏறினோம்.

வழி முழுக்க அண்ணன் வாய் ஓயாமல் அசைந்தது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "பரவாயில்லண்ணே, இதெல்லாம் ஒரு உதவியா?" என்று குனிந்து சொன்னேன். அவர் இன்னும் வேகமாகப் பேசினார். சாவி சார் அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்து, ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் உயிர் போகிற வலியில் அண்ணன் எங்கள் இருவரின் பரம்பரையையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பின்தெருவில் ஆம்புலன்ஸ் நின்றது. அண்ணனை ஏற்றிக்கொண்டார்கள். அதிலிருந்த ஆள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். நீங்களும் ஏறுங்கள் என்றிருக்கிறார். வழியை விட்டு நகரச் சொல்கிறார் என்று எண்ணி, இருவரும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம்.

என் செருப்பில் ஒன்று எங்கோ போய்விட்டிருந்தது. நான் நொண்டுவதைப் பார்த்துச் சாவி சார் தன் ஷூவில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அது என் காலுக்குப் படகு மாதிரி இருந்தது. ஒற்றைச் செருப்பும் ஒற்றைப் படகுமாக நானும், ஒற்றை ஷூவும் ஒற்றைச் சாக்ஸுமாக அவரும் பக்கத்துச் சந்து வழியாக முன்பக்கம் நடந்தோம். வானம் அன்றைக்கு அப்படியொரு நீலம். நான் தேதி குத்திய காசோலைகள் தெரு முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. ஒன்று அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்து, தேதி தெளிவாக விழுந்திருக்கிறது என்பதுபோல் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு மறுபடி சிரிப்பு பீறிட்டது.

முன்பக்கம் வந்ததும் நின்றோம். கட்டடத்தின் முகமே இல்லை. இழுப்பறைகளை உருவி எடுத்துவிட்ட பீரோ மாதிரி எல்லா மாடிகளும் திறந்து கிடந்தன. மூன்றாம் மாடி விளிம்பில் என் நாற்காலி, பாதி உள்ளே பாதி வெளியே, தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் பெருங்கூட்டம், எல்லாரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடுவில் எங்கள் மேனேஜர் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஏதோ பேசுகிறார். எங்கள் பிரிவுப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகிறார்கள். அவர்களுக்கு நடுவில், கழுத்தில் அளவு டேப் தொங்க, மெஷினிலிருந்து எழுந்தபடியே ஓடி வந்த கோலத்தில் என் அம்மா. அவளைப் பிடித்துக்கொண்டு என் தங்கை.

யாரோ செத்துவிட்டார்கள் என்று புரிந்தது. அது நாங்கள்தான் என்று புரியவில்லை. முன்னால் நின்றவரிடம், "யாருங்க செத்தது?" என்று கேட்டேன். தீயணைப்பு வண்டியின் பம்ப் போட்ட இரைச்சலில் அவருக்கு அது காதில் விழவில்லை.

அப்போது சாவி சார் கைக்குட்டையை எடுத்து என் புருவத்திலிருந்த சுண்ணாம்பை ஒற்றித் துடைத்தார். எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக அவர் விரல் என் முகத்தில் பட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. இவருக்குக் காது கேட்காது, எனக்கும் கேட்காது. உலகத்துக்கே பஞ்சு அடைத்தாயிற்று. இதைவிட நல்ல நேரம் வருமா? சொல்லிவிடலாம். சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மூச்சுக்குள்ளாக, ரகசியமாகச் சொன்னேன்.

"கட்டினா உங்களைத்தான்யா கட்டிக்கணும்னு இத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கேன். அந்த முத்திரை ஒரு நாளும் தானா இறுகலை. நான்தான் கோந்து தடவினேன். அக்கரையோ இக்கரையோ, ஆகாசத்துலேர்ந்து குதிச்சிருந்தாலும் எனக்கு நீங்கதான்!"

ரகசியமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். தீயணைப்பு பம்ப் அந்த நேரம் பார்த்து நின்றிருக்கிறது. என் குரல் தெருக்கோடியில் இருந்த மருந்துக்கடை வரைக்கும் கேட்டதாகத் தங்கை சொல்கிறாள்.

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. மேனேஜர் பெட்டியிலிருந்து சறுக்கினார். நாங்கள் உயிரோடு இருப்பதைப் பார்த்துத்தான் இந்த ஆரவாரம் என்று நானும் கையை ஆட்டினேன். எல்லாரும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெந்நீர் யோசனை சொன்னவள் என் இரண்டு கன்னத்தையும் கிள்ளினாள். அம்மா வந்தாள். கன்னத்தில் ஓர் அறை விட்டாள், கட்டிக்கொண்டு குலுங்கினாள், பிறகு என் முகத்தை நிமிர்த்தி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உதட்டை வைத்துப் பார்த்தால், "கோந்தா? கோந்தா?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. பாவம், அதிர்ச்சியில் அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். ஆஜானுபாகு. சிரிப்பு என்ற ஒன்றைப் பார்த்தே இராத முகம். நேராகப் போய்ச் சாவி சாரின் கையைப் பிடித்தார். நாங்கள் காணாமல் போயிருந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்ததாம். "லாக்கர்காரன் அக்கரை ஆளுதானே? எல்லாரும் ஓடி வரும்போது அவன் மட்டும் கீழே என்ன பண்ணினான்?" அது இன்ஸ்பெக்டரம்மா காதுக்கும் போயிருந்தது.

விசாரணை எப்படி நடந்தது என்று தங்கை நடித்தே காட்டுவாள்.

"உங்க ஊர் எது?"

"ஒண்ணும் ஆகலைங்க. முழங்கால்ல லேசா சிராய்ப்புதான்."

"வேனை யார் கொண்டாந்து நிறுத்தினது?"

"வேண்டாங்க, தண்ணி மட்டும் கொடுத்தா போதும்."

"என்ன, விளையாடறீங்களா?"

"ஆமாங்க, ரொம்ப நன்றி."

நான் என் காதையும் அவர் காதையும் காட்டிக் கையை ஆட்டினேன். இன்ஸ்பெக்டரம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் மேனேஜரின் கறுப்புக் கார், மேலிருந்து கீழ் வரை சுண்ணாம்புத் தூசி அப்பி நின்றது. அதன் கதவில் விரலால், 'ஊர்?' என்று எழுதினார். சாவி சார் அதற்குக் கீழே, 'அக்கரை' என்று அழகாக எழுதினார். சுற்றி நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

'வேன் யாருடையது?'

'எந்த வேன்?'

'கீழே என்ன வேலை?'

'எண்ணெய்.'

ஒரு கதவு தீர்ந்து அடுத்த கதவுக்குப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் பானெட்டில் குனிந்து கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இவர் என்னோடுதான் இருந்தார். காவலாளியைத் தூக்கி வந்தோம். ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.' பின்னால் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கவலை பெயின்ட்டைப் பற்றியது.

இன்ஸ்பெக்டரம்மா படித்தார். என்னைப் பார்த்தார், என்னை ஒட்டி நின்ற அம்மாவைப் பார்த்தார், சாவி சாரைப் பார்த்தார். சாட்சி சொல்கிறவளுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்துகொள்வது போலீஸ் வேலையின் ஒரு பகுதி என்று பிறகு விளக்கம் கொடுத்தார். அப்போது ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. காரின் பின்கண்ணாடிக்குப் போய் எழுதினார்: 'இந்த அம்மா உங்களைக் கட்டிக்கணும்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாங்க. உங்க பதில்?' எழுதிவிட்டு எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

நானும் அதைப் படித்தேன். எனக்குக் கோந்து விளங்கிய இடம் அதுதான்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். காலையில்தான் ஒரு தடவை பிளந்திருந்தது, அதற்கு மறுபடி தெம்பில்லை. சாவி சார் கண்ணாடியை ஒரு முறை படித்தார். குனிந்து இன்னொரு முறை படித்தார். நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு குழப்பத்தை நான் கண்டதில்லை. விரலை எடுத்துக் கண்ணாடியில் ஓர் 'எ' போட்டார்.

அவ்வளவுதான். ஜீப் வந்துவிட்டது. மேலிடத்து உத்தரவு, அக்கரைக்காரர் யாராக இருந்தாலும் ஸ்டேஷனுக்கு. இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை அணைத்துத் தூக்காத குறையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒற்றை ஷூ கால் கடைசியாக உள்ளே போனதைப் பார்த்தேன். கண்ணாடியில் அந்த 'எ' மட்டும் நின்றது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தா பட்டிமன்ற மேடை ஆயிற்று. என் காதில் மருந்து விட்டுப் பஞ்சு வைத்திருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி லேசாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் வங்கியே உட்கார்ந்திருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கண்ணாடிச் சில்லு கீறாதவர்கள் குறைவு, ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கட்டுப் போடாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. எல்லாருக்கும் ஒருவிதக் கிறுகிறுப்பு. யார் தும்மினாலும் சிரித்தார்கள்.

"எனக்கும்தான்னு எழுத வந்திருக்கார்க்கா, இதுல என்ன சந்தேகம்?" என்றாள் தங்கை.

"என் உயிரேன்னு ஆரம்பிச்சிருப்பார்" என்றாள் வெந்நீர்க்காரி.

"எழுத்துப்பூர்வமா பதில் தர்றேன்னு இருக்கும்" என்றார் மேனேஜர். "அவர் எதுலயும் முறையா நடக்கிற ஆளு."

"எதுக்கு வம்புன்னு எழுத வந்திருப்பார்" என்றேன் நான்.

அம்மா கழுத்து டேப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். "எழவுன்னு எழுத வந்திருப்பான்" என்றாள். "கோந்து தடவினாளாம் கோந்து. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. ஊருக்கெல்லாம் மைக் வெச்ச மாதிரி சொல்றா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அப்போதுதான் சிரிப்பு அடங்கி, அடியில் கிடந்த பயம் மேலே வந்தது. அவரை விடவில்லை. நகரத்தில் எத்தனையோ அக்கரைக்காரர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர், ரயில்வே கணக்கர், பல் டாக்டர் என்று. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார்கள். நானும் தினம் போய் நின்றேன். யாரையும் பார்க்க விடவில்லை.

காவலாளி அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து பேச்சு வந்ததும் பார்க்கப் போனோம். அம்மாவும் வந்தாள். அண்ணன் என்னைப் பார்த்ததும், "நான் வண்டியில சொன்னதை எதையும் மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "சுவர் சரிஞ்சுக்கிட்டே இருக்குங்க. சாவி சார் உங்க பொண்ணை வெளியே தள்ளிவிட்டுட்டு, அவர் மட்டும் திரும்பி என்கிட்ட வந்தாரு. என் மேல விழுற கல்லுக்குத் தன் முதுகைக் கொடுத்துக்கிட்டுதான் நெம்பினாரு. இது போகச் சொன்னாலும் போகலை. இதுங்க ரெண்டும் இல்லைன்னா இந்நேரம் என் போட்டோவுக்குச் சட்டம் போட்டிருப்பாங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. வீடு வரைக்கும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்போம்.

மறுநாள் நல்ல உடை உடுத்திக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், இன்ஸ்பெக்டரம்மா எதிரே பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"என் மருமகனை எப்போ விடப்போறீங்க?"

நான் பெஞ்சிலிருந்து விழாத குறை.

"மருமகனா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அவர் இன்னும் பதிலே சொல்லலையேம்மா."

"அதான் எ சொல்லியாச்சே. மிச்சம் தன்னால வரும். நீங்க ஆளை விடுங்க. ஆஸ்பத்திரியில போய் அந்தக் காவலாளியைக் கேட்டீங்களா? கேட்டு எழுதிக்கிட்டீங்களா? இல்லை, காரைத்தான் கிறுக்கத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். துடைக்கும்போது உதட்டோரம் லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காவலாளியிடம் வாக்குமூலம் வாங்கினார். வேனை விற்றவன் ஏற்கெனவே அகப்பட்டிருந்தான். அவன் மூலமாக, குண்டு வைத்தவர்களைப் பாலத்தருகே பிடித்தார்கள். மீசை முளைக்கிற வயதுப் பையன்களாம். சாவி சாரை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

அவரை வெளியே விட்ட அன்று வெயில் கொளுத்தியது. தாடி வளர்ந்து, யாரோ கொடுத்த ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். கன்னத்தில் நீலமாகக் கன்றிய ஓர் அடித்தடம். அதைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வணக்கம் மேடம்" என்றார், கொஞ்சம் உரக்கவே.

"வணக்கம் சார்" என்றேன். அதற்கு மேல் வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அம்மா இடித்தாள். "கேளுடி."

"சார், அன்னைக்குக் கார்ல ஒரு எ போட்டீங்களே. அது என்ன?"

அவர் நெளிந்தார். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எந்த அம்மான்னு கேட்க வந்தேன்."

"என்னது?"

"இந்த அம்மா உங்களைக் கட்டிக்கணும்ங்கிறாங்கன்னு எழுதிட்டு இவங்க கையை நீட்டினாங்க. நீங்களும் உங்க அம்மாவும் ஒட்டிக்கிட்டு நின்னீங்க. கை நேரா உங்க அம்மா மேல இருந்துச்சு. நீங்க அப்படிக் கத்துவீங்கன்னு எனக்குக் கனவுலகூடத் தோணலை மேடம். அதனால..."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அட கிரகமே!" என்றாள். இன்ஸ்பெக்டரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஸ்டேஷனில் அந்தச் சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து கான்ஸ்டபிள்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

"சரி, இப்ப எந்த அம்மான்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றாள் அம்மா, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு. "பதில் என்ன?"

அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "கோந்து வாசனை எனக்குத் தெரியாதா மேடம்? பூட்டோடயே பொழைக்கிறவன். பாங்க்ல கொடுக்கிற எண்ணெய் எப்பவோ தீர்ந்துடும். வெளியில வாங்கி வாங்கி அந்தக் குப்பியை ரொப்பி வெச்சதே நீங்க வருவீங்கன்னுதான்."

"அப்ப அதைச் சொல்றதுக்கென்ன?" என்று சண்டை பிடித்தேன். "நீங்க சொல்றதுக்கென்ன?" என்றார். "நான்தான் சொன்னேனே, ஊரே கேட்டுச்சே!" என்றேன். "எனக்குக் கேட்கலையே!" என்றார். நடுரோட்டில் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்தோம். அம்மா நடுவில். கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டாள், "ஏன் தம்பி, உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?"

"என்னை யாரும் கேட்கலைங்க" என்றார் அவர். "எங்க ஊர்ல ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, அதெல்லாம் நிஜந்தான். அதுக்காக எங்களுக்கு வேண்டித்தான் சண்டை போடறாங்களாம். எனக்கு வேண்டி என் தலை மேலேயே கொண்டாந்து வெச்சாங்க. அவங்க வெச்சதுக்காக இவங்க என்னைப் பிடிச்சு உள்ளே வெச்சாங்க. ரெண்டு பக்கமும் என்னைக் கேட்கலை."

அம்மா தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பின்னால் படார் என்று ஒரு வெடி.

மூன்று பேரும் தரையில் கிடந்தோம். எப்படி விழுந்தோம் என்றே தெரியாது. என் கன்னம் சூடான நடைபாதைக் கல்லில் அழுந்தியிருந்தது. கண்ணைத் திறந்தால், சாலையோரம் ஒரு லாரி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி வெடித்த டயரை உதைத்துக்கொண்டே எங்களை விநோதமாகப் பார்க்கிறார். திரும்பினேன். அம்மா குப்புறக் கிடந்தாள். விழுகிற வேகத்தில் அவள் சாவி சாரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தனக்கு அடியில் போட்டிருந்தாள். ஒரு கை அவர் தலையை மூடியிருந்தது.

"அத்தை" என்றது அடியிலிருந்து ஒரு குரல், "மூச்சு முட்டுது."

அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கி லாரியைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், தன் பிடியில் இருந்த காலரைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு, பிறகு அவருக்கு. எழுந்திருக்க முயன்றோம், முடியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து எழுந்து பாதியில் மறுபடி உட்கார்ந்தோம். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். லாரிக்காரர் வந்து, "ஏங்க, அடி எதுவும் படலையே?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்கள் மூவரில் ஒருவருக்கும் மூச்சில்லை.